720 என்று தட்டினால் ரேடியோவுக்குள் என்ன நடக்கிறது?

பல அலைவரிசைகளைத் துல்லியமாகப் பிடிக்கும் கம்யூனிகேஷன் ரிசீவரின் முகப்பில் கண்ணைப் பறிப்பது அந்தப் பெரிய குமிழ்தான். அதற்குப் பக்கத்தில், ஃபோனில் இருப்பது போல, எண் பட்டன்கள். பழைய ரேடியோவைத் திருகித் திருகியே பழகியவர்கள் பட்டன் பக்கம் போகவே தயங்குவார்கள். இவர்கள் இழப்பது நிறைய. 1980இல் வந்த சோனி ஐசிஎஃப்-2001 போன்ற செட்டுகள் எண்ணைத் தட்டி நிலையம் பிடிக்கும் வசதியைக் கையடக்க ரேடியோவுக்கே கொண்டுவந்துவிட்டன. இன்று சில ஆயிரம் ரூபாய் சீன செட்டிலும் அது இருக்கிறது.

சென்னை வானொலியை மத்திய அலையில் கேட்க வேண்டும், 720 கிலோஹெர்ட்ஸ். முதலில் 7ஐ அழுத்துகிறீர்கள். பன்னிரண்டு பட்டனுக்குப் பன்னிரண்டு கம்பிகள் போவதில்லை. நான்கு வரிசை, மூன்று பத்தி என்று ஏழு கம்பிகள் போதும். உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு வரிசையாகத் தட்டிப் பார்த்து, எந்த வரிசையும் எந்தப் பத்தியும் ஒட்டியிருக்கின்றன என்பதை வைத்து அது 7 என்று கண்டுபிடிக்கிறது. பட்டனின் உலோகத் தொடுமுனை அழுத்தியதும் ஒரு தடவையில் ஒட்டாது. சில மில்லிசெகண்டு துள்ளும். அந்தத் துள்ளலைத் தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிட்டால் 7 தட்டியது 777 ஆகிவிடும். அதனால் கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்கிறது.

720 தட்டி முடித்தாலும் ரேடியோ நகராது. நீங்கள் நினைத்தது 720ஆ, இன்னொரு சுழியம் சேர்த்து 7200ஆ என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் என்டர் பட்டன். சில செட்டுகளில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் புள்ளி வைத்துத் தட்ட வேண்டும்: 0.720. இன்னும் சிலவற்றில் நேராகக் கிலோஹெர்ட்ஸ். புது செட் கைக்கு வந்ததும் மேனுவலில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். என்டரை அழுத்தத் தாமதித்தால் தட்டியதை மறந்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும் செட்டுகளும் உண்டு.

என்டர் அழுத்தியதும் நடப்பது சுத்தமான கணக்கு. ரேடியோ எந்த நிலையத்தையும் நேரடியாகக் கேட்பதில்லை. தானே ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலந்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எந்த நிலையமானாலும் அந்த வித்தியாசம் மாறக் கூடாது. அதை 450 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்த எளிய செட்டை எடுத்துக்கொள்வோம். 720உடன் 450ஐக் கூட்டினால் 1170. மைக்ரோகன்ட்ரோலர் இதை 9ஆல் வகுத்து, 130 என்ற எண்ணை, அலையைச் சரியான இடத்தில் பூட்டி வைக்கும் பிஎல்எல் சுற்றுக்கு அனுப்புகிறது. அந்தச் சுற்று, உள்ளே உண்டாகும் அலையை 130ஆல் வகுத்து, குவார்ட்ஸ் படிகத்திலிருந்து வரும் 9 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் மின்னழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ இழுத்துச் சரிசெய்கிறது. கண் இமைப்பதற்குள் பூட்டு விழுந்துவிடும். திருச்சி வேண்டுமா? 936 தட்டினால் 154.

ஏன் 9? இந்தியா உட்பட ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், அதுவும் 9இன் மடங்குகளில்தான் இருக்கின்றன. 720, 936, தூத்துக்குடியின் 1053 எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 9 அல்லது 18 வரும். யாராவது 725இல் நம்மூர் நிலையம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

நல்ல ரிசீவர்களில் இந்த வித்தியாச எண்ணை மிக உயரத்தில் வைப்பார்கள். சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆரில் சிற்றலைக்கு அது 55.845 மெகாஹெர்ட்ஸ். ஒரே நிலையம் டயலில் இரண்டு இடத்தில் போலியாகத் தலைகாட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. தட்டும் விரலுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை.

சரி, எண் தட்டுவது சுலபம். என்னைக் கேட்டால் ரிசீவரின் உண்மையான பட்டன் மோட் பட்டன்தான், அதாவது வரும் அலையிலிருந்து பேச்சை எந்த முறையில் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பட்டன். 11387 தட்டிப் பாருங்கள். மும்பை, கொல்கத்தா போன்ற ஆசிய நிலையங்கள் முறை வைத்துக்கொண்டு விமானிகளுக்கு வானிலை வாசிக்கும் வால்மெட் அலைவரிசை அது. மோட் ஏஎம்மில் இருந்தால் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். செட் பழுதில்லை. சாதாரண ஏஎம் ஒலிபரப்பில் நடுவில் ஒரு தாங்கி அலை, அதன் இருபக்கமும் ஒரே பேச்சின் இரண்டு நகல்கள் வரும். வால்மெட்டோ தாங்கியையும் ஒரு நகலையும் வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நகலை மட்டும் அனுப்புகிறது. மின்சாரமும் மிச்சம், இடமும் மிச்சம். வெட்டப்பட்ட தாங்கியை உங்கள் ரிசீவர்தான் உள்ளே உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். யுஎஸ்பி பட்டன், அதாவது தாங்கிக்கு மேல்பக்க நகலுக்கான பட்டன், செய்வது அதைத்தான். அழுத்தியதும் ஆள் குரல் தெளியும்.

இங்கே ஒரு நுணுக்கம். திரையில் 11387 என்று இருந்தாலும் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. பேச்சு இருப்பது ஏறக்குறைய 11387.3க்கும் 11389.7க்கும் இடையில், திரை காட்டுவது வெட்டப்பட்ட தாங்கியின் முகவரி. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் பேச்சு பொதுவாக 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே யுஎஸ்பி, கீழே எல்எஸ்பி, அதாவது கீழ்ப்பக்க நகல். அதனால் 7100இல் எல்எஸ்பி போட்டால் பேச்சு 7100க்குக் கீழ்ப்பக்கம் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் தவறினாலே குரலின் சுருதி மாறிவிடும் என்பதால் குமிழின் ஒவ்வொரு நகர்வும் எவ்வளவு என்று தீர்மானிக்கும் ஸ்டெப் பட்டனையும் 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து பத்து, இருபது ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். எண்ணைத் தட்டி அருகில் போய், கடைசித் துளியைக் குமிழால் திருகுவது. இரண்டும் சேர்ந்ததுதான் முறை.

மெமரி பட்டன்களைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல செட்டில் எண்ணோடு மோடும் சேர்ந்து பதியும். சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அட்டவணை மாற்றுவதால் அவற்றைப் பதிவதில் பெரிய லாபமில்லை. அப்படி மாறாத வால்மெட், துல்லியமான நேரத்தை அறிவிக்கும் நேர சமிக்ஞை போன்றவற்றைப் பதியுங்கள்.

நேர சமிக்ஞை என்றதும், திரையில் தெரியும் எண் எவ்வளவு உண்மை என்று சோதிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. சீனாவின் பிபிஎம் நிலையம் 10000 கிலோஹெர்ட்ஸில் மிகத் துல்லியமான தாங்கி அலையை அனுப்புகிறது. 9999 தட்டி யுஎஸ்பி போடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் விசில் கேட்கும். அப்புறம் 10001 தட்டி எல்எஸ்பி. அதே விசில் வர வேண்டும். செட்டின் படிகம் பிசகியிருந்தால் ஒரு விசில் ஏறும், மற்றது அதே அளவு இறங்கும். இரண்டுக்குமான வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் ரிசீவரின் பிழை. 20 ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் பிழை 10 ஹெர்ட்ஸ், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காதால் முடியவில்லை என்றால் ஃபோனில் சுருதி காட்டும் செயலியைப் பக்கத்தில் வையுங்கள். செட்டைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்துப் பாருங்கள். படிகம் சூடாகும்வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.