பூச்சாண்டிக்குச் சட்டையில் ஓட்டை

இரண்டு வயதில் மிக்ஸி, குக்கர், இடி. மூன்றிலிருந்து ஆறுக்குள் இருட்டு, கட்டிலடி, பூச்சாண்டி. ஏழெட்டு வயதானால் திருடன், விபத்து, ‘அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ’ என்ற கவலை. குழந்தைகளின் பயங்கள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வந்து போகின்றன. ‘இதுக்கெல்லாமா பயப்படுவ?’ என்று கேட்டால் பயம் போகாது, அதை வெளியே சொல்வதுதான் நின்றுபோகும். அதே பயத்தை நாலு வரி விளையாட்டுப் பாட்டாக்கினால், குழந்தை அதைத் தானே எடுத்துப் பேச ஆரம்பிக்கும்.

பாட்டுக் கட்டப் படுக்கை நேரம் சரிப்படாது. சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு தாள், நாலு கிரேயான். முதலில் அந்தப் பயத்தை வரையச் சொல்லுங்கள். வரையும்போதே மூன்று கேள்விகள்: அது எப்படி இருக்கும், என்ன சத்தம் போடும், என்ன சாப்பிடும்? ‘ஏன் பயமா இருக்கு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது. சொல்லும் வார்த்தைகளைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘குண்டா இருக்கும், கத்தும்’ என்றால் அதுவே முதல் இரண்டு வரி.

குண்டுக் குண்டுக் குக்கராம்
கூவிக் கூவிக் கத்துமாம்
மூணு விசில் ஆனதும்
மூச்சு விட்டுத் தூங்குமாம்

மூன்றாவது வரிதான் இதில் முக்கியம். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தையை வாட்டுவது, அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாததுதான். விசிலை எண்ணத் தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். ஆனால் உங்கள் வீட்டுக் குக்கர் பருப்புக்கு ஐந்து விசில் அடிக்கும் என்றால் பாட்டிலும் ஐந்து என்றே இருக்கட்டும். நாலாவது விசில் வந்தால் பாட்டு பொய்யாகிவிடும், அதன்பின் எந்தப் பாட்டையும் குழந்தை நம்பாது.

கற்பனை உருவங்களுக்கு வேறு வழி: வீட்டு மனிதர்களுக்கு இருக்கும் ஒரு சின்னக் குறையை அதற்கும் கொடுப்பது.

கட்டிலடிப் பூச்சாண்டி
கொட்டாவி விடுறானாம்
சட்டையிலே ஓட்டையின்னு
வெட்கப்பட்டு ஓடுறானாம்

கட், கொட், சட், வெட் என்று எதுகை வந்து விழும் இடத்தில் கை தட்டுங்கள். யாப்புச் சுத்தமெல்லாம் தேவையில்லை. வரிக்கு இரண்டு மூன்று சொல், தட்டத் தாளம், அவ்வளவுதான். கடைசியில் வரும் ‘ஆம்’ மட்டும் விட்டுப்போகக் கூடாது. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்’ என்றதுமே இது கதை என்று குழந்தைக்குப் புரிகிறதே, அந்த ‘ஆம்’தான் இது. ‘பூச்சாண்டி ஓடிட்டான்’ என்று சொன்னால், இவ்வளவு நேரம் அவன் அங்கேதான் இருந்தான் என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் பெரியவர்களிடம்தான். பாட்டில் பூச்சாண்டியைப் பார்த்துச் சிரிக்காமல் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். விருந்தாளி வந்ததும் ‘அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு’ என்பார்கள். அதோடு அது ஊரறிந்த பயமாகிவிடும். சாயங்காலம் பாட்டுக் கட்டிவிட்டு, ராத்திரி ‘சாப்பிடலைன்னா பூச்சாண்டியைக் கூப்பிடுவேன்’ என்று அதே வீட்டில் ஒருவர் மிரட்டினால் எல்லாம் வீண். தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ‘வெட்டினேன், குத்தினேன்’ என்று குழந்தையே பாடினால் தடுக்க வேண்டாம், நாமாக அதைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். வெட்டப்பட்டவன் மறுநாள் ராத்திரி திரும்பி வருவான், வெட்கப்பட்டவன் அப்படி வருவதில்லை.

தெருநாய், கிணறு, மின்சார பிளக் போன்றவற்றுக்குப் பயப்படுவது தேவையான பயம். அங்கே பாட்டு பயத்தை அழிக்காமல் விதியைச் சொல்லட்டும்: ‘தூங்கும் நாயைத் தொடமாட்டேன், அது தின்னும் சோற்றில் கை விடமாட்டேன்’. ஊசிக்கு ‘வலிக்கவே வலிக்காது’ என்று பாடாதீர்கள். ‘எறும்பு போலக் கடிக்குமாம், எண்ணி முடிச்சா போயிடுமாம்’ என்பது உண்மைக்கு அருகில் இருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ வகுப்புக்கோ வேனுக்கோ போகவேண்டும் என்றால் மட்டும் குழந்தை நடுங்கினால், பாட்டை ஓரம் வைத்துவிடுங்கள். அதை விளையாட்டாக்கினால், குழந்தை சொல்ல வந்ததை நாமே மூடிவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். துன்புறுத்தல் என்ற சந்தேகம் இருந்தால் 1098, குழந்தைகளுக்கான இலவச உதவி எண். ஆறு மாதத்துக்கும் மேல் ஒரே பயம் நீடித்தாலோ, அதற்கு முன்பே தூக்கம், சாப்பாடு, பள்ளி என்று அன்றாடம் குலைந்தாலோ குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.