வரைபடம் பிள்ளையின் கைக்கு எப்போது போகும்?

பதின்வயதுப் பிள்ளையைச் சாகசப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது பாறையைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனையாவது நாளில் வரைபடம், அதாவது குழுவை வழிநடத்தும் பொறுப்பு, என் பிள்ளையின் கைக்குப் போகும்? அப்போது பயிற்றுநர் எங்கே இருப்பார்? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர்கள் தலைமைப் பயிற்சி நடத்துகிறார்கள். "நாங்கள் எப்போதும் கூடவே இருப்போம், கவலைப்படாதீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நடத்துவது சுற்றுலா. சுற்றுலாவில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதைத் தலைமைப் பயிற்சி என்று நம்பிப் பிள்ளையை அனுப்பக் கூடாது.

இந்தப் பயிற்சிமுறைக்கு இரண்டு வேர்கள் உண்டு. 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டவியில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். போரில் கப்பல் மூழ்கும்போது இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்காமல் போகிறார்களே என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. ஆகவே அங்கே மன உறுதிக்குத்தான் முதலிடம். மலையேறி பால் பெட்ஸோல்ட் 1965இல் அமெரிக்காவில் தொடங்கிய நோல்ஸ் (தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளி) என்ற பள்ளியின் கவலை வேறு. பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போகத் தகுதியான தலைவர்கள் போதவில்லை என்று அவர் கண்டார். அங்கே சமையல், வரைபடம், முதலுதவி, நிதானமான முடிவு ஆகிய கைத்திறன்களே பாடம். நல்ல பயிற்சியில் இரண்டும் கலந்திருக்கும். மன உறுதியை மட்டும் பேசிக் கைத்திறனைச் சொல்லித்தராத முகாம் பிள்ளைகளை வெறுமனே களைப்படையச் செய்து அனுப்பிவிடும்.

பொறுப்பு கைமாறும் விதம்

14 நாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். 10 அல்லது 12 பிள்ளைகள், குறைந்தது 2 பயிற்றுநர்கள். முதல் 3 நாட்கள் பயிற்றுநர் முன்னால் நடந்து எல்லாவற்றையும் செய்து காட்டுவார். கூடாரம், ஸ்டவ், தண்ணீர், காம்பஸ், கழிப்பிடம் எல்லாம் இந்த நாட்களில்தான். அதன் பிறகு தினமும் ஒரு பிள்ளை அன்றைய தலைவர். பயிற்றுநர் வரிசையின் நடுவிலோ கடைசியிலோ வாய்மூடி நடப்பார். இரண்டாம் வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, குழுவுக்குக் கால் மணி நேரம் பின்னால் வருவார். கடைசி 1 அல்லது 2 நாட்கள் பிள்ளைகள் தனிக் குழுவாகப் போவார்கள். வழி, சந்திக்கும் இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் நேரம், தொடர்புக் கருவி, நேரம் தப்பினால் யார் எங்கே தேடிப்போவது என்பவை எல்லாம் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கைமாற்றம் நாட்கணக்கைப் பார்த்து நடக்கக் கூடாது, தகுதியைப் பார்த்து நடக்க வேண்டும். நிற்கும் இடத்தை வரைபடத்தில் காரணத்தோடு காட்டத் தெரிகிறதா? வழி தவறினால் நிற்கத் தெரிகிறதா? ஒருவர் விழுந்து அடிபட்டால் முதல் 10 நிமிடத்தில் யார் என்ன செய்வது என்று தெரிகிறதா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் கடைசி நாள் தனிப் பயணத்தை ரத்துசெய்கிற பயிற்றுநரே நம்பத் தகுந்தவர். விளம்பரத்தில் சொல்லிவிட்டோமே என்பதற்காக அனுப்புகிறவர் அல்ல.

அன்றைய தலைவரின் வேலை முந்தின மாலையே தொடங்குகிறது. அவர் முதலில் போட வேண்டியது நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரம். 9 கிலோமீட்டர் தூரம், 450 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 48 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 2 மணி 33 நிமிடம். இது பழகிய கால்களுக்கு. சுமையோடு நடக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றரை மடங்கு ஆக்கினால் 3 மணி 50 நிமிடம். மணிக்கு 10 நிமிட ஓய்வையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் 5 மணி நேரத்தை நெருங்கும். பிற்பகலில் இடிமழை வரும் மலை என்றால் காலை 7 மணிக்கே கிளம்பியாக வேண்டும். அப்படியானால் 5 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். இந்தச் சங்கிலியைப் பின்னாலிருந்து முன்னால் யோசிக்கப் பழகுவதுதான் முதல் பாடம். மாலையில் இருட்டில் கூடாரம் போட்டுத் திண்டாடும் குழுக்களைக் கேட்டுப் பாருங்கள், தவறு காலைப் புறப்பாட்டில்தான் இருக்கும்.

புதுத் தலைவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் மூன்று. எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுக்கொள்வது ஒன்று. பலசாலியை முன்னால் விடுவது இன்னொன்று. வரிசை இழுபட்டுப்போகும், பின்னால் வருகிறவர் ஓய்விடத்தை அடையும்போது முன்னால் போனவர்கள் எழுந்து கிளம்பிவிடுவார்கள், யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கே அது கிடைக்காது. மெதுவாக நடப்பவரை இரண்டாவதாக நிறுத்தி அவர் சுமையில் பொதுச் சாமானைக் குறைத்தால் போதும், அன்று முழுக் குழுவும் முன்னதாகவே போய்ச் சேரும். மூன்றாவது தவறு எதற்கெடுத்தாலும் கை தூக்கச் சொல்வது. எங்கே சாப்பிடலாம் என்பதற்கு ஓட்டெடுப்பு சரி. ஆற்றைக் கடக்கலாமா என்பதற்குக் கூடாது. அங்கே ஒருவருக்குப் பயம் என்றாலும் நின்று யோசிக்க வேண்டும்.

பயிற்றுநரின் திறமை தெரிவது அவர் எங்கே பேசாமல் இருக்கிறார் என்பதில். குழு தவறான கிளைப்பாதையில் திரும்புகிறது, அது ஆபத்தில்லாத பாதை, 40 நிமிடம்தான் வீணாகும் என்றால் விட்டுவிட வேண்டும். அந்த 40 நிமிடம் கற்றுத் தருவதை எந்த வகுப்பும் தராது. அதே திருப்பம் செங்குத்துச் சரிவுக்கோ ஆற்றுக்கோ போகிறது என்றால் முதல் அடியிலேயே நிறுத்த வேண்டும். வறண்ட இரவில் கூடாரம் கோணலாக நின்றால் நிற்கட்டும். குளிரும் மழையும் சேரும் இரவில் விடக் கூடாது, ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் அது பாடம் அல்ல, நோய்.

அன்றன்று மாலை அரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேசாவிட்டால் பகலில் நடந்ததில் பாதி வீண். "நீ சரியாக நடத்தவில்லை" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. "ஓடைக்கு அந்தப் பக்கம் நீ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு 15 நிமிடம் யாரிடமும் பேசவில்லை. நாங்கள் குளிரில் நின்றுகொண்டிருந்தோம்" என்றால் விளங்கும். இடம், கண்ணால் பார்த்தது, அதனால் மற்றவர்களுக்கு நேர்ந்தது. இந்த மூன்றும் இருந்தால் 15 வயதுப் பிள்ளை கூட விமரிசனத்தைத் தாங்கிக்கொள்ளும். அன்றைய தலைவரே முதலில் பேச வேண்டும், பயிற்றுநர் கடைசியில்.

கெட்டுப்போவது சின்னச் சின்ன விஷயங்களில்

பாதத்தில் ஓரிடம் சூடாக உரசுகிறது என்று தெரிந்த உடனே நின்று, ஷூவைக் கழற்றி, காயவைத்துப் பிளாஸ்டர் ஒட்டினால் 5 நிமிட வேலை. குழுவைத் தாமதப்படுத்தக் கூச்சப்பட்டு அடுத்த ஓய்வுவரை நடந்தால் கொப்புளம், அப்புறம் 3 நாள் நொண்டல். பதின்வயதில் வலியைவிடக் கூச்சமே பெரிது. ஆகவே "யாருக்காவது வலிக்கிறதா?" என்று கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை. முதல் ஒரு மணி நேரம் முடிந்ததும் எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்று விதியாகவே வைத்துவிட வேண்டும். சிறுநீரின் நிறம், மலச்சிக்கல், மாதவிடாய் பற்றியும் தனித்தனியாக, சாதாரணக் குரலில் விசாரிக்க வேண்டும். பயன்படுத்திய நாப்கினை எதில் போட்டு எப்படித் திரும்ப எடுத்துவருவது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் யாரும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிருக்காது.

வயிற்றுப்போக்கு வந்தால் பழி தண்ணீரின் மேல் விழும். பல நேரம் காரணம் கழுவாத கை. தண்ணீரைக் கொதிவந்த பின் 1 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். அதோடு சமைப்பவர், பரிமாறுபவர் இருவரும் சோப்புப் போட்டுக் கைகழுவியதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவர் பொட்டலத்தில் இன்னொருவர் கைவிடக் கூடாது. நொறுக்குத்தீனியைக் கையில் கொட்டிக் கொடுக்க வேண்டும்.

அடுப்படி பலரும் நினைப்பதைவிட ஆபத்தான இடம். கொதிநீர் தொடையில் கொட்டினால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது. அடுப்பருகே சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, குந்தியிருந்தால் துள்ளி எழலாம். காலில் மூடிய ஷூ இருக்க வேண்டும். கையில் பிடித்த கோப்பையில் கொதிநீர் ஊற்றக் கூடாது, கோப்பையைத் தரையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். கூடாரத்துக்குள் ஸ்டவ் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தீ மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் கொல்லும்.

குளிர் என்றதும் பனிமலை நினைவுக்கு வரும். ஆனால் 10 டிகிரி, ஈர உடை, காற்று மூன்றும் சேர்ந்தாலே உடல் வெப்பம் இறங்கிவிடும். ஒரு பிள்ளை தடுமாறி நடக்கிறது, ஜிப்பை மூட விரல் வரவில்லை, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் எரிந்துவிழுகிறது. கடைசி அறிகுறியைக் குணக்கேடு என்று நினைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. உடனே நின்று, காற்றுப்படாத இடத்தில் ஈர உடையை மாற்றி, தரைக்கும் உடலுக்கும் இடையே பாயைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, விழுங்க முடிந்தால் சர்க்கரை சேர்த்த வெதுவெதுப்பான பானம் கொடுக்க வேண்டும். கைகாலைத் தேய்க்கக் கூடாது. நடுக்கம் நின்று மயக்கம் தட்டினால் அது குணமாவதன் அடையாளம் அல்ல, நிலைமை மோசமாகிறது. அசைக்காமல் மீட்புக்கு அழைக்க வேண்டும். பருத்தி உடை முகாமுக்கு வேண்டாம் என்பதும் இதனால்தான். நனைந்தால் அது சூட்டைப் பிடித்துவைக்காது.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓய்வு நேரத்தைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும். பாறை ஏறும்போது பத்துப் பேர் கண்ணும் கயிற்றில் இருக்கும். மாலையில் "கொஞ்சம் குளித்துவிட்டு வருகிறோம்" என்று நான்கு பேர் ஆற்றுப்பக்கம் போகும்போது யார் கண்ணும் அங்கே இருக்காது. நீர்நிலைக்குப் பயிற்றுநர் இல்லாமல் போகக் கூடாது என்ற விதிக்கு விலக்கே இருக்கக் கூடாது. ஆற்றைக் கடப்பதும் அப்படித்தான். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, நீரோட்டத்தைப் பார்த்தபடி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும், பனி உருகி வரும் ஓடை என்றால் நீர் குறைந்திருக்கும் அதிகாலையில். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் பிள்ளைகள் இறங்கவே வேண்டாம், சுற்றிப் போகும் வழியைத் தேடலாம் அல்லது திரும்பலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குக் குறைந்தால் முகட்டிலிருந்து இறங்கி, தனிமரத்தை விட்டு விலகி, குழுவை இடைவெளி விட்டுப் பரத்தி நிறுத்த வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

உயரமான மலைப் பயிற்சி என்றால் 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாத திட்டமா, 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை ஓய்வு உண்டா என்று பாருங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மருந்தைத் தேடி நேரம் கடத்தாமல் இறங்க வேண்டும்.

அனுப்பும் முன் வீட்டில்

மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, பூச்சிக்கடி ஒவ்வாமை, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, மனச்சோர்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட பழக்கம் எல்லாம் பயிற்றுநருக்குத் தெரிந்தாக வேண்டும். "சொன்னால் சேர்க்கமாட்டார்களோ" என்ற அச்சத்தில் மறைப்பதைப் பிள்ளைதான் நடுக்காட்டில் தனியாகச் சுமக்கும். இன்ஹேலர், ஒவ்வாமை ஊசி போன்றவை இரட்டையாகப் போக வேண்டும்: ஒன்று பிள்ளையிடம், ஒன்று பயிற்றுநரிடம். இன்சுலின் உறையக் கூடாது, குளிரான இரவில் அது உடலோடு ஒட்டியே இருக்கட்டும்.

நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. பயிற்றுநர்கள் எத்தனை மணி நேர வன முதலுதவிப் பயிற்சி முடித்தவர்கள்? 16 மணி நேரப் படிப்பு அடிப்படை மட்டுமே. மருத்துவமனை தூரமாக இருக்கும் இடங்களுக்கு 70, 80 மணி நேரப் படிப்பு முடித்த ஒருவராவது வேண்டும். ஒவ்வோர் இரவு முகாமிலிருந்தும் அடிபட்டவரை எப்படி, எத்தனை மணி நேரத்தில் வெளியே கொண்டுவருவார்கள்? ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? தனிமை இரவு என்று பிள்ளையைத் தனியே தங்கவைப்பார்களானால் எத்தனை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள்? "வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் என்ன நடக்கும்? சாப்பாட்டையோ தூக்கத்தையோ தண்டனையாகப் பறிக்கும் இடம் என்று தெரிந்தால் அங்கே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் திருத்துவதற்காக அதன் விருப்பத்துக்கு மாறாக அனுப்பும் முகாம் முற்றிலும் வேறு வகை, இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

உடல் தயாரிப்புக்கு 6 வாரமாவது வேண்டும். புது ஷூவோடு காட்டுக்குள் போகக் கூடாது, வீட்டிலிருந்தே அதில் நடந்து பழகட்டும். காலிப் பையோடு தொடங்கி வாரம் 1 அல்லது 2 கிலோ கூட்டலாம். மொத்தச் சுமை உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 50 கிலோ பிள்ளைக்கு 12 கிலோவே அதிகம். கனமானவை முதுகை ஒட்டி நடுவில், ஸ்லீப்பிங் பேக் அடியில், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. எடையை இடுப்புப் பட்டைதான் தாங்க வேண்டும், தோள் அல்ல. பையைக் கட்டுவது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும். பெற்றோர் கட்டிக்கொடுத்த பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தேடும்போது பிள்ளைக்குத் தெரியாது.

திரும்பி வந்த பிறகு நீண்ட தூக்கமும் அகோரப் பசியும் சில நாள் இருக்கும். அது இயல்பு. குளித்தபின் தலைமுடி, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தெடுக்க வேண்டும், எண்ணெய் தடவவோ சூடு வைக்கவோ கூடாது. அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு எது வந்தாலும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: எந்தக் காட்டில், எந்தத் தேதிகளில் இருந்தான், எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்று.