அன்னத்துக்கு என்ன போடலாம்?

குளிர்காலத்து ஞாயிறு மதியம் இங்கிலாந்தின் விண்ட்சரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தண்ணீரில் அன்னக்கூட்டம், கரையில் ரொட்டிப் பையோடு குடும்பங்கள். பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்று தெரிந்ததும் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ரொட்டி போடலாமா, கூடாதா?

போடலாம், அளவாக. ரொட்டி தின்றால் இறக்கை கோணிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவியபோது, அதற்கு ஆதாரமில்லை, ரொட்டியையே பார்க்காத குஞ்சுகளுக்கும் அது வருகிறது என்று 2018இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் கிறிஸ்டோபர் பெரின்ஸ் எழுத்திலேயே சொன்னார். எனக்குப் பயமெல்லாம் பூஞ்சை பிடித்த ரொட்டியைப் பார்த்தால்தான், அதைக் குப்பையில் போடுங்கள். நம்மவர்கள் மிக்சர் பாக்கெட்டைக் கவிழ்ப்பதையும் பார்த்திருக்கிறேன், அந்த உப்பு அதுகளுக்கு வேண்டவே வேண்டாம். கோதுமை, கீரை, லெட்டூஸ், ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர் விட்ட பட்டாணி, சோளம் இருந்தால் ரொட்டியைவிட நல்லது. எதுவானாலும் தண்ணீரில் போடுங்கள், கரையில் போட்டுப் பழக்கினால் மேலே ஏறி வந்து நாயிடமும் காரிடமும் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், அன்னத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு காலை முதுகின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு நீந்தினால் கால் ஒடிந்துவிட்டது என்று பதறி போன் செய்பவர்கள் ஏராளம்; அது சும்மா ஓய்வு. இறக்கைகளை உயர்த்தி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வேகமாக வந்தால் அது போஸ் இல்லை, கோபம். பிள்ளையை இழுத்துக்கொண்டு நகருங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு. கழுத்தை நிமிர்த்த முடியாமல், கழுத்தின் அடிப்பக்கம் முதுகில் சாய்ந்து மடங்கிக் கிடந்தால் ஈய விஷமாக இருக்கலாம். தூண்டிலுக்கான சிறு ஈயக் குண்டுகளை 1987இலேயே தடை செய்தும், பழையவை சேற்றில் கிடக்கின்றன. இரை அரைக்கக் கூழாங்கல் பொறுக்கும் பறவை அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அலகிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், முள் தொண்டைக்குள் இருக்கும், இழுத்தால் கிழித்துவிடும்.

செத்த அன்னத்தைத் தொடவே கூடாது, நாயையும் விடக்கூடாது. பறவைக் காய்ச்சல் இந்த ஆற்று அன்னங்களையும் விட்டுவைக்கவில்லை. அரசின் சுற்றுச்சூழல், உணவுத் துறையான டெஃப்ராவுக்குத் தகவல் சொல்லுங்கள். உயிரோடு அடிபட்டிருந்தால் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வைக் கூப்பிடுங்கள், இந்தப் பக்கம் என்றால் பக்கத்து ஊரான தாட்செட்டில் அன்னங்களை மீட்கும் ஸ்வான் சப்போர்ட் அமைப்பு இருக்கிறது. ஒரு படம் எடுத்து, எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், எந்தக் கரையில் என்று சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். நாங்கள் வந்து சேர்வதற்குள் அது அடுத்த பாலத்துக்குப் போயிருக்கும்.