மின்கலக் கேடயமா? யாரை எதுலேர்ந்து காக்குது?

"பேட்டரி ஷீல்ட்" - இதுக்குத் தமிழ் "மின்கலக் கேடயம்"னு இன்னொரு கையேட்லயும் பார்த்துட்டேன். சிங்கப்பூர்ல உயர்நிலைப் பள்ளிப் பசங்களுக்கான ஒரு பயிலரங்கு, ஈஎஸ்பி32 மாதிரி (நிரல் எழுதி ஓட்டற குட்டி கணினிச் சில்லு) போர்டுக்கு ரீசார்ஜ் பண்ற பேட்டரி போர்டு ஒண்ணை அவங்களே டிசைன் பண்ணணும், குறிப்பை ரெண்டு மொழியிலயும் குடுத்திருந்தாங்க. தமிழ்லயும் குடுக்கணும்னு தோணினதே பெரிய விஷயம், அதைக் குறை சொல்லல. ஆனா எழுதினவர் அந்த போர்டை ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்திருந்தா கேடயம்னு எழுதியிருக்க மாட்டார்.

பொருள் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ஆர்டுயினோ, 2005ல இத்தாலியில இவ்ரேயா ஊர்ல ஆரம்பிச்சது, அந்த நுண்கட்டுப்படுத்திப் பலகையோட (மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) ரெண்டு ஓரத்துலயும் வரிசையா துளைங்க இருக்கும், அதுல இன்னொரு போர்டு தன்னோட பின்களைச் செருகிக்கிட்டு மேல வந்து உட்காரும். மோட்டார் ஓட்ட ஒண்ணு, நெட்வொர்க்குக்கு ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு. இப்படி மேல உட்கார்ற போர்டுக்கு அந்த வட்டாரத்துல வெச்ச செல்லப் பேருதான் ஷீல்ட். அவ்ளோதான். அது எதையும் எதுலேர்ந்தும் காப்பாத்தறதில்ல.

சொல் வரலாறு சுருக்கமா. ஷீல்ட்ங்கிறது பழைய ஜெர்மானியச் சொல், மரத்தைப் பிளந்து எடுத்த பலகைங்கிற பொருள்லேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. நம்ம கேடயம் வடமொழி கேடகத்துலேர்ந்து வந்தது. தமிழ்ல அதுக்குக் கிடுகு, தோல், பரிசைன்னு பேருங்க இருந்திருக்கு, இன்னொரு பேரு பலகை. ஆமா, பலகைக்கே கேடயம்னு ஒரு பொருள் அகராதியில இருக்கு. ஆக ஷீல்டோட சாயல் தமிழ்ல வந்தே ஆகணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்குக்கூட பலகைன்னு எழுதினா போதும், கணக்கு நேராயிடும்.

சரி, பெயர்தானே, கேடயம்னு இருந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு கேப்பீங்க. வேற போர்டுன்னா நானும் விட்டிருப்பேன். பேட்டரி போர்டுல விட முடியாது, ஏன்னா இந்த போர்டுல காப்புன்னு தனியா ஒரு வேலை நிஜமாவே இருக்கு. லித்தியம் அயான் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தக்கூடாது, ரொம்பக் கீழயும் இறக்கக்கூடாது, ஷார்ட் ஆகக்கூடாது, இதையெல்லாம் கவனிக்க டிடபிள்யூ01ன்னு ஒரு குட்டி ஐசி, பக்கத்துல சுவிட்ச் மாதிரி வேலை செய்ற ஒரு ஜோடி மாஸ்ஃபெட், செல் 2.4 வோல்ட் பக்கம் இறங்கினா வெட்டி விட்டுடும். இதுக்குப் பேரு காப்புச்சுற்று. செல்லை ஏத்தறது வேற ஐசி, டிபி4056னு எல்லாரும் போடறது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற சிம் லிம் டவர் பக்கம் போய் டிபி4056 போர்டு கேட்டீங்கன்னா காப்புச்சுற்று உள்ளது ஒரு வகை, இல்லாதது ஒரு வகை, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் பெருசா மாறாது. இப்ப "மின்கலக் கேடயம்"னு படிச்ச பையன் என்ன நினைப்பான்? இது மின்கலத்தைக் காக்குற கேடயம், காப்பு உள்ளேயே இருக்குன்னுதான் நினைப்பான். நினைச்சான். 18650ங்கிற உருளை செல்லைத் தலைகீழா மாட்டப் போனவன்கிட்ட நிறுத்துப்பான்னு சொன்னா, "அதான் கேடயம் இருக்கே அங்கிள்"ங்கிறான். டிபி4056க்குத் தலைகீழா மாட்டினா தாங்குற காப்பு கிடையாது, பொசுங்கிடும். அவனைத் திட்ட முடியல, தமிழ் படிச்சு அந்தத் தமிழை நம்பினதுதான் அவன் பண்ண தப்பு.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். ஈஎஸ்பி32 மாட்யூல் மேல ஒரு வெள்ளித் தகர மூடி ஒட்டியிருக்கும் பாருங்க, ரேடியோ இரைச்சல் வெளிய போகாம உள்ள வராம தடுக்க, அதுக்கும் ஷீல்ட்னுதான் பேரு. அது நிஜமான ஷீல்ட், அதைக் கவசம்னோ கேடயம்னோ சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. கேபிளைச் சுத்தி வலை மாதிரி போட்டிருக்கிறதும் அப்படித்தான். இப்ப ஒரே பாடத்துல "கேடயத்தைக் கழற்றவும்"னு வந்தா எதைக் கழட்டறது? தகர மூடியை ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பவா?

சரி, ஷீல்டைச் சொல்லுக்குச் சொல் மாத்தறதுதான் நேர்மைன்னு வாதம் பண்றவங்களுக்கு ஒரு கேள்வி. ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கணினிக்கு இதே மாதிரி மேல உட்கார்ற போர்டுக்குப் பேரு ஹேட், 2014ல வெச்சாங்க, ஹார்ட்வேர் அட்டாச்ட் ஆன் டாப்ங்கிறதோட சுருக்கம். பீகிள்போன்ல அது கேப். அடாஃப்ரூட் ஃபெதர்ல விங். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லாஞ்ச்பேட்ல பூஸ்டர்பேக். நாலுமே ஒரே ஜாதிப் பொருள். அப்ப மின்கலத் தொப்பி, மின்கலப் போர்வை, மின்கலச் சிறகுன்னு ஒண்ணொண்ணா எழுதப்போறீங்களா? கம்பெனிக்காரங்க விளையாட்டா வெச்ச பேருங்களைத் துரத்திக்கிட்டே ஓடறது மொழிபெயர்ப்பு இல்ல. பொருள் ஒண்ணு, பேரும் ஒண்ணா இருக்கணும், அது என்ன பண்ணுதுன்னு சொல்லணும்.

என்னோட சொல் செருகுபலகை. நான் பெருசா எதுவும் கண்டுபிடிக்கல, பிளக்-இன்னுக்கு செருகுநிரல்னு கணினித் தமிழ்ல ரொம்ப நாளா புழங்குது, மென்பொருளுக்கு நிரல்னா வன்பொருளுக்குப் பலகை, அவ்ளோதான் வித்தியாசம். வினைத்தொகை, அதனால நடுவுல "ப்" போடாதீங்க, செருகுப்பலகை இல்ல. நம்ம பொருள் மின்கலச் செருகுபலகை, அங்க "ச்" உண்டு.

துணைப்பலகைன்னு சிலர் சொல்றாங்க, தப்பில்ல, ஆனா சொதசொதன்னு இருக்கு, வயர் போட்டு ஓரமா வெச்சாலும் துணைதானே. விரிவாக்கப் பலகைங்கிறது வாய்க்குள்ள நுழையல, தவிர எதை விரிவாக்குதுன்னு பையன் கேட்டா நான் என்ன சொல்றது. மேற்பலகை எனக்குக் கொஞ்சம் பிடிச்சிருந்தது, ஆனா பேட்டரி கனம், நிறைய பேர் அதை அடியிலதான் வெப்பாங்க, மேற்பலகை கீழ இருக்குன்னு எழுதணும். ஒட்டுப்பலகைன்னு ஒருத்தர் சொன்னார், ஐயா அது பிளைவுட்.

கூடவே மின்கலம். பேட்டரிங்கிறது பிரெஞ்சுல அடிக்கிறதுங்கிற வேர்லேர்ந்து வந்து பீரங்கி வரிசைக்குப் பேரா ஆகி, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740கள் கடைசியில லேடன் ஜாடிகளை (மின்சாரம் பிடிச்சு வைக்கிற பழைய காலக் கண்ணாடி ஜாடி) வரிசையாக் கோத்து வெச்சதுக்கு அந்தப் பேரைச் சொன்னதால மின்சாரத்துக்கு வந்தது. அதனால கறாரா பார்த்தா ஒண்ணு மட்டும் இருந்தா செல், அதாவது மின்கலம், பல செல் சேர்ந்தாதான் பேட்டரி, அதாவது மின்கல அடுக்கு. ஒரே ஒரு 18650 இருக்கிற போர்டுக்கு மின்கலம்னு சொல்றது இங்கிலீஷைவிடச் சரி. கலம்னா பாத்திரம், கப்பல், எதையோ உள்ள வெச்சுக்கிற பொருள், இதைவிடப் பொருத்தமா கிடைக்காது. "மின்கலன்"னு ன் போட்டு எழுதினாலும் ஓகே, அறம் அறன் மாதிரி கடைப்போலி, அதுக்காக யாரும் அடிச்சுக்க வேணாம்.

அடிச்சுக்கணும்னா மின்னூட்டத்துக்கு அடிச்சுக்கலாம். "மின்னூட்டம் சேமிக்கும் பலகை"ன்னு அதே கையேட்ல இருக்கு. மின்னூட்டம்னா இயற்பியல்ல கூலம் கணக்குல அளக்கிற சார்ஜ். செல்லுக்குள்ள சார்ஜ் ரொம்பி நிக்கறதில்ல, மொத்தத்துல அது நடுநிலையாத்தான் இருக்கு, சேர்றது வேதி ஆற்றல். செல்லை சார்ஜ் பண்ற செயலுக்கு மின்னேற்றம், பண்ற ஐசிக்கு மின்னேற்றி, ரீசார்ஜபிள்னா மீள மின்னேற்றக்கூடிய. இலங்கைப் பாடப் புத்தகத்துல சார்ஜுக்கே மின்னேற்றம்னு இருக்கு, அங்க படிச்சவங்களுக்கு இது இடிக்கும், இருந்தாலும் இங்க தமிழ்நாட்டுச் சொல்லோடதான் பசங்க வளர்றாங்க.

இந்த வியாதி எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து வருது, அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டறது. போர்டுல வரிசையா நிக்கிற பின்களுக்கு, அதாவது பின் ஹெடருக்கு, "முள் தலைப்பு"ன்னு எழுதியிருந்தாங்க, தலைப்பாம், கட்டுரைக்கா? சிங்கப்பூர் எம்ஆர்டிக்கு, அதாவது மாஸ் ரேபிட் டிரான்சிட் ரயிலுக்கு, அன்னைக்குத் தமிழ் வெச்சவங்க இப்படிப் பண்ணியிருந்தா மாஸ்னா பொருண்மைன்னு எடுத்து "பொருண்மை விரைவுக் கடப்பு"ல ஏறி உட்லண்ட்ஸ் போயிட்டிருப்போம். அவங்க ரயிலைப் பார்த்துப் பேரு வெச்சாங்க, பெருவிரைவு ரயில், ஓட்டுறவர்லேர்ந்து பாட்டி வரைக்கும் புரியுது. வன்பொருள் மொழிபெயர்க்கிறவர் ஒரு தடவை சாலிடரிங் அயர்ன் பிடிக்கணும்னு நான் சொல்லல, ஆனா பலகையைத் திருப்பிப் பார்க்கலாம்ல?

அது வரைக்கும் புரியாத சொல்லுக்கு ஷீல்ட்னே தமிழ் எழுத்துல விடுங்க, எனக்கு ஆட்சேபணையே இல்ல. தனித்தமிழ்க்காரங்க கோவிச்சுக்கட்டும். ஷீல்ட்னு படிச்சா பையன் "அது என்ன?"ன்னு கேப்பான். கேடயம்னு படிச்சா கேக்க மாட்டான், தெரியும்னு நினைச்சுப்பான். மின்னேற்றுற வேகத்தை முடிவு பண்ற ரெசிஸ்டர் 1.2 கிலோஓமா இருந்தா டிபி4056 ஒரு ஆம்பியர் தள்ளும், 500 மில்லியாம்பியர்மணி குட்டி செல்லுக்கு அது ரொம்ப அதிகம், ரெசிஸ்டரை மாத்தணும்னு அவன் கேட்டாத்தானே நாம சொல்ல முடியும்.

ஒரு இடிப்பு பாக்கி இருக்கு, மறைக்கல. ராஸ்பெரி பைக்கு அடியில ஸ்க்ரூ போட்டு, ஸ்பிரிங் வெச்ச போகோ பின் தொட்டுக்கிட்டு நிக்கிற பேட்டரி போர்டுங்க வருது, அதுல எதையும் எதுலயும் செருகறதில்ல. தொடுபலகைன்னு ஒருத்தர் சொல்றார், தொடுதிரைக்குத் தம்பி மாதிரி இருக்கு, விரல் வெச்சு அழுத்திப் பார்ப்பாங்க. அதையும் செருகுபலகைன்னே எழுதிட்டு, "செருக வேண்டியதில்லை, ஸ்க்ரூ போட்டால் போதும்"னு கீழ ஒரு வரி சேர்த்துடலாம்னு இருக்கேன்.