கிளம்பும்போது மட்டும் ஏன் அவ்வளவு கரும்புகை?

கூட்ஸ் வண்டியை இழுக்கிற பழைய டீசல் எஞ்சின் கிளம்பும்போது வானமே கறுக்கிற மாதிரி புகை விடுகிறதே, பழசாகிப் போனதாலா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வயசுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வாரணாசி தொழிற்சாலையிலிருந்து புதுசாக வந்து இறங்கிய நாளிலும் அது இப்படித்தான் புகைத்தது.

டபிள்யூடிஜி-3ஏ என்ற ரகத்தையே எடுத்துக்கொள்வோம். 123 டன், 3,100 குதிரைத்திறன், உள்ளே அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்த 251 எஞ்சின். ஆல்கோ 1969-லேயே ரயில் எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது, நாம் விடவில்லை. டீசல் எஞ்சின் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரம் அச்சுக்கு ஒன்றாக ஆறு மோட்டார்களை ஓட்டும், இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல ஆசைப்படுவது டர்போவைப் பற்றி.

ஒரு சிலிண்டர் மட்டும் கிட்டத்தட்ட 11 லிட்டர், அந்த மாதிரி 16. ஆனாலும் தானாக உறிஞ்சுகிற காற்று 3,100 குதிரைத்திறனுக்குப் பத்தாது. அதனால் வெளியேறும் சூடான புகையே ஒரு டர்பைனைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது; இந்த ஜோடிதான் டர்போ. சிக்கலும் இங்கேதான். லோகோ பைலட் நாட்ச்சை, அதாவது சக்தியைக் கூட்டும் கைப்பிடியின் படியை, ஏற்றியதும் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி சட்டென்று டீசலைக் கூட்டிவிடுகிறது, ஆனால் டர்போ வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும், ஏனென்றால் அதிகக் காற்று வர டர்போ வேகமாகச் சுற்ற வேண்டும், டர்போ வேகமாகச் சுற்ற நிறைய சூடான புகை வர வேண்டும், அந்தப் புகை வர டீசல் நன்றாக எரிய வேண்டும், அது எரிய மறுபடி காற்றுதான் வேண்டும்! இந்த இடைவெளியில் போன டீசல், திரியை அளவுக்கு மீறித் தூக்கிய அரிக்கேன் விளக்கு மாதிரி, அரைகுறையாக எரிந்து கரித்துகளாக வெளியே வருகிறது. நின்று கவனித்தால் காதிலேயே தெரியும்: டர்போவின் விசில் சத்தம் மெல்ல உயர உயரப் புகை வெளுத்துக்கொண்டே போகும்.

பின்னால் வந்த டபிள்யூடிஜி-4 இந்தச் சுற்றை அழகாக உடைத்தது. அதில் ஆரம்பத்தில் எஞ்சினே பல்சக்கரம் வழியாக டர்போவைச் சுற்றிவிடும், புகைக்குப் போதிய பலம் வந்ததும் கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனாலும் பழைய ஆல்கோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டபிள்யூடிஎம்-2 என்ற முந்தைய ரகத்தின் காலத்தில் 2,600 குதிரைத்திறன் கொடுத்த அதே 16 சிலிண்டர் எஞ்சின் பிறகு 3,100 கொடுத்ததென்றால், அதில் பெரும்பங்கு நல்ல டர்போவுக்கும் காற்றைக் குளிர்விக்கும் அமைப்புக்கும்தான். லக்னோவில் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ செய்த இந்த மாதிரி ஆராய்ச்சி தலைப்புச் செய்தியில் வராது, நிதி என்று வரும்போதும் கடைசி வரிசைதான், இது எனக்கு எப்போதும் எரிச்சல்.

சரி, ஒரே நாட்ச்சில் சீராக ஓடும்போதும் கரும்புகை நிற்கவில்லையென்றால்? அப்போது டர்போவின் தாமதத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம், டர்போவே தேய்ந்திருக்கலாம். ஷெட்டுக்கு அனுப்ப வேண்டிய கேஸ் அது.