சைலன்சர்: ஒரு சொல்லுக்குள் எத்தனை உறுப்புகள்?

எண்ணூர் விரைவுச்சாலையிலும் மாதவரம் உள்வட்டச் சாலையிலும் லாரித் தொழிலில் இருப்பவர்கள் ‘சைலன்சர்’ என்று சொன்னால், எஞ்சினை விட்டுப் புகை வெளியேறும் வழி முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்பு உறுப்பு, வளைந்து இறங்கும் குழாய், சட்டத்தின் பக்கவாட்டில் தொங்கும் உருளை, கடைசியில் புகை கக்கும் வாய் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். வண்டி இழுக்கவில்லை, சைலன்சரை மாற்றினால் சரியாகுமா என்று ஓட்டுநர் கேட்கும்போது எந்த உறுப்பைச் சொல்கிறார் என்பது அவருக்கும் தெளிவில்லை, மாற்றித் தருபவருக்கும் தெளிவில்லை. கடைசியில் உருளையைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் பொருத்துகிறார்கள். சத்தம் கூடுகிறது. சத்தம் கூடியதால் இழுவையும் கூடிவிட்டதாக நம்பிக்கொள்கிறார்கள். உறுப்புக்கு உறுப்பு தனிப் பெயர் வைத்துப் பேசினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சைலன்சர் என்பது ‘அமைதியாக்குவது’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல். அதன் வேர் இலத்தீனில் உள்ள ‘சிலேரே’ என்ற வினை. பேசாதிருத்தல் என்று பொருள். லாரி, ஸ்பேனர், போனட் ஆகியவற்றைப் போல இதுவும் பிரிட்டிஷ் வழக்கு. எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்ட் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது ஆஸ்டின் கார்களைப் பாகம் சேர்த்துப் பூட்டியது, பிறகு லேலண்ட் லாரிகளுக்கு வந்தது. இரண்டுமே பிரிட்டன் வண்டிகள். நம் பட்டறைச் சொற்கள் பிரிட்டிஷ் வழக்கில் நிலைத்ததில் வியப்பில்லை. அமெரிக்கர்கள் இதே உருளையை ‘மஃப்ளர்’ என்பார்கள். சுற்றிப் போர்த்துவது என்று பொருள். மார்கழிக் குளிரில் நாம் கழுத்தில் சுற்றும் மஃப்ளரும் அதே சொல்தான். 1897-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் புகைவழிக்கான மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

தமிழில் இதற்கு ஒலியடக்கி என்ற சொல் இருக்கிறது. தாங்கி, வடிகட்டி, ஊக்கி என்று வினையிலிருந்து கருவிப் பெயர் ஆக்கும் நம் பழைய முறைப்படி அமைந்த நல்ல சொல். ஒலியை முழுவதுமாக அழிக்காத கருவியை ‘அடக்கி’ என்பது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. அடக்குதல் என்பது இல்லாமல் ஆக்குதல் அல்ல, கட்டுக்குள் வைத்தல். உருளை செய்வதும் அதைத்தான். உள்ளே நுழையும் புகை, குழாயைவிட அகலமான அறைக்குள் விரிகிறது. துளையிட்ட குழாய்கள் வழியாகத் திசை மாறுகிறது. சுவரில் மோதித் திரும்பும் ஒலியலை எதிரே வரும் அலையோடு மோதித் தேய்கிறது. சில உருளைகளில் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்திருப்பார்கள். அது ஒலியை உறிஞ்சிச் சூடாக மாற்றுகிறது.

ஆக, ஒலியடக்கி என்ற பெயர் அந்த உருளைக்கு மட்டுமே உரியது. குழாயைப் புகைக்குழாய் என்றும், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் வழிகளை ஒன்றாகச் சேர்க்கும் வார்ப்பிரும்பு உறுப்பைக் கூட்டுக்குழாய் என்றும் சொல்லலாம். பட்டறையில் அதை மேனிஃபோல்டு என்பார்கள். மொத்த அமைப்புக்குப் ‘புகைவழி’ என்ற பெயரே போதும் என்பது என் கருத்து. அகராதி வழியில் ‘வெளியேற்று அமைப்பு’ என்று எழுதுவோர் உண்டு. பிழையில்லை, ஆனால் எதை வெளியேற்றுவது என்பதை அது சொல்லவில்லை.

‘எக்ஸாஸ்ட்’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். இலத்தீனில் ‘ஹவுரீரே’ என்றால் நீர் இறைப்பது. அதோடு வெளியே என்னும் பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்து, முழுவதும் இறைத்து வெளியேற்றுவது என்று ஆயிற்று. எஞ்சினில் நடப்பதும் இதுவே. காற்றை இழுத்தல், அமுக்குதல், எரிந்து தள்ளுதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளில் கடைசி வீச்சின்போது பிஸ்டன் மேலேறி எரிந்த வளிமத்தை இறைத்துக் கொட்டுகிறது. வழி குறுகலாக இருந்தால் தள்ளுவதற்கே எஞ்சினின் ஆற்றல் செலவாகிறது. பிஸ்டனுக்கு எதிரே நிற்கும் இந்த அழுத்தத்தைத்தான் பட்டறையில் ‘பேக் பிரஷர்’ என்கிறார்கள். இதைப் பின்னழுத்தம் என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவதைவிட எதிரழுத்தம் என்பதே பொருத்தம். பிஸ்டனை எதிர்ப்பதுதான் அதன் வேலை. மலைப்பாதையில் இறங்கும்போது ஓட்டுநர் பயன்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கை நினைத்துக்கொண்டால் எதிரழுத்தம் நன்றாக விளங்கும். அது புகைக்குழாயில் உள்ள ஒரு தட்டை மூடி வழியை அடைக்கிறது; எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது.

எஞ்சினுக்கு எதிரழுத்தம் கொஞ்சமாவது தேவை, இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்று அனுபவசாலிகளே சொல்லிக் கேட்டிருக்கலாம். டர்போ இல்லாத எஞ்சினில் குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறையும். வேகமாக ஓடும் புகை அடுத்து வருவதைத் தன்பின்னே இழுத்துச் செல்லும் பலனும் குறையும். இழுவை குறைவதற்குக் காரணம் அந்த வேக இழப்பு. எதிரழுத்தம் ஒருநாளும் இழுவை தருவதில்லை.

இன்று துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றி ஓடும் டீசல் லாரிகளில் டர்போ இருக்கிறது. ‘டர்போ’ என்றால் இலத்தீனில் பம்பரம், சூறைக்காற்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகை ஒரு விசையாழியை (டர்பைன்) சுழற்றுகிறது, அதே தண்டில் இருக்கும் மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடுதான் வெளியே போகிறது. டர்போ அதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. இதனால்தான் ‘கழிவுப்புகை’ என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. டர்போவைத் தாண்டும் வரை அந்தப் புகை கழிவல்ல.

சொற்களைப் பிரித்துக்கொண்டால் பட்டறையில் பேச்சு மாறும். கூட்டுக்குழாய்க்கும் டர்போவுக்கும் இடையில் கசிவு இருந்தால் விசையாழிக்குப் போகவேண்டிய விசை வீணாகி இழுவை குறையும், கரும்புகை வரும். அதே கசிவு டர்போவுக்குப் பின்னால் இருந்தால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். டர்போவுக்குப் பின்னால் வழி தாராளமாக இருப்பது நல்லது. ஆனால் அதற்கு ஒலியடக்கியைத் தூக்கி எறியத் தேவையில்லை. பள்ளத்தில் இடித்து நசுங்கிய குழாயை மாற்றுவது, வளைவில் சப்பிப்போகாமல் முழு வட்டமாக வளைத்த குழாயைப் பொருத்துவது, கூர்மையான திருப்பங்களைக் குறைப்பது, உள்ளே தகர்ந்து வழியை அடைத்த பழைய உருளையை மாற்றுவது ஆகியவை இழுவைக்கு உண்மையாக உதவும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு வந்த லாரியில் ‘சைலன்சர்’ என்ற சொல் இன்னும் அதிகமாக ஏமாற்றுகிறது. வெளியே பார்க்க ஒரு பெரிய பெட்டி. உள்ளே ஒலியடக்கியோடு, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி, யூரியாக் கரைசலைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் மற்றொரு வினையூக்கி ஆகியவையும் இருக்கின்றன. துகள் வடிகட்டியில் சேரும் கரி, புகை நன்றாகச் சூடேறினால்தான் எரிந்து தீரும். துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்கில் ஊர்ந்து நகரும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. கரி சேர்கிறது, எதிரழுத்தம் ஏறுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அப்போது சைலன்சர் அடைத்துவிட்டது என்று பெட்டியை வெட்டி உள்ளிருப்பதை எடுத்துவிட்டால், அழுத்தத்தையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்துவிடும். கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினின் விசையைக் குறைத்துவிடும். இழுவைக்காகச் செய்த வேலை இழுவையைப் பறித்துவிடுகிறது. செய்யவேண்டியது, கையேட்டில் சொன்னபடி வண்டியை நிறுத்திக் கரியை எரிக்கும் முறையைக் கையாள்வது, அல்லது வடிகட்டியை முறையாகச் சுத்தம் செய்வது. எடுத்துப்போட்ட வடிகட்டி பிடித்திருக்கவேண்டிய கரி, மணலியிலும் திருவொற்றியூரிலும் சாலையோரம் குடியிருக்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. இதை எந்த மைலேஜ் கணக்கும் நியாயப்படுத்தாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-ஆவது விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் ஒலியடக்கி இருக்கவேண்டும் என்கிறது. விரிவறை மூலமாகவோ வேறு வழியிலோ புகை வெளியேறும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் கருவி என்று அதற்கு விளக்கமும் தருகிறது. உருளையை மட்டும் குறிக்கும் துல்லியம் அந்த வரியில் இருக்கிறது. உற்பத்தியாளர் வரையறுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது.

வடசென்னைக்கே உரிய ஒரு சொல் மிச்சமிருக்கிறது. தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளுக்கும் மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் போய்வரும் டேங்கர் லாரிகளில் புகைவழி பின்பக்கம் போகாமல், தொட்டிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதன் வாயில் ‘ஸ்பார்க் அரஸ்டர்’ இருக்கும். அரஸ்ட் என்பதற்குக் கைது என்ற பொருளே நமக்குப் பழக்கம். இங்கே அது தடுத்து நிறுத்துதல். புகையோடு பறக்கும் கரித்தணல் பெட்ரோல் ஆவியைத் தொடாமல் நிறுத்துவது இதன் வேலை. பொறித்தடுப்பி என்று அழைக்கலாம். புகைக்கு இதுவும் சிறிது தடைதான். ஆனாலும் எந்த இழுவைக்காகவும் இந்த ஓர் உறுப்பில் கைவைக்கக் கூடாது.