டிக்கியில் துப்பாக்கி இருக்கும்போது

துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். காரிலிருந்து துப்பாக்கி இறங்குகிற இடத்தில் நிற்பது என் வேலையில் பாதி. ஒரு நாள் காலை ஒரு மாணவர் டிக்கியைத் திறந்தார். ஷூ, தண்ணீர்க் கேன், துண்டு, இதற்கெல்லாம் நடுவில் துணி உறைக்குள் ஒரு .22 ரைஃபிள். "காலிதான் சார், மேகசினைக் கழற்றிட்டேன்" என்றார். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிவைக்கும், கழற்றக்கூடிய டப்பா. உறையோடு எடுத்துக் குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, ஜிப்பைத் திறந்து, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை இழுத்தேன். சேம்பரிலிருந்து, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்திலிருந்து, ஒரு தோட்டா துள்ளி என் காலடியில் விழுந்தது. வழி முழுக்க அந்தக் குழல் பின்சீட்டைப் பார்த்தபடி வந்திருக்கிறது. பின்சீட்டில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

மேகசினைக் கழற்றியதால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது. முதலில் மேகசின், அப்புறம்தான் போல்ட். வரிசையை மாற்றிச் செய்தால், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே வந்த கையோடு மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். போல்ட்டைத் திறந்து வைத்துக் கண்ணால் பாருங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இதை வீட்டிலேயே, வண்டியில் ஏற்றும் முன்பே செய்துவிட வேண்டும். பார்க்கிங்கில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது.

துணி உறை கீறல் விழாமல் காக்கும், அவ்வளவுதான். கெட்டியான பெட்டி, அதற்கொரு பூட்டு வேண்டும். தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், அதுவும் பூட்டி. இரண்டும் டிக்கியில் இருக்கட்டும். கார் சூட்டில் தோட்டா வெடித்துவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெடிக்காது. ஆனால் நெடுநாள் வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகலாம்.

டேஷ்போர்டு அறையில் பிஸ்டலை வைப்பவர்களுக்கு ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோகிறவருக்கு வழியிலுள்ள மாநிலங்களின் சட்டங்களிலிருந்து பாதுகாப்புத் தருகிறது; ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது என்கிறது. துப்பாக்கியோ தோட்டாவோ உட்கார்ந்திருப்பவர் கைக்கு எளிதில் எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும்; டேஷ்போர்டு அறையும் சீட்டுகளுக்கு நடுவிலுள்ள அறையும் அந்தக் கணக்கில் சேராது. கிளம்பும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பே கிடைக்கும். இந்தியாவில் உரிமத்திலேயே அது எந்த எல்லைவரை செல்லும் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் எல்லை தாண்டிவிட்டு, தெரியாது என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள்.

உரிமத்தைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஆயுதம் கொண்டுபோகிறவரிடம் எந்தக் காவல் அலுவலரும் உரிமத்தைக் கேட்கலாம். அப்போது அதை எடுக்க நீங்கள் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தால், எதிரே நிற்பவர் மனதில் என்ன ஓடும்? உரிமம் சட்டைப் பையில் இருக்கட்டும். வண்டியை நிறுத்தச் சொன்னால் கைகள் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், அவர் சொன்ன பிறகு அசையுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வழியில் நிறுத்துகிற இடங்கள்தான். சாப்பிட இறங்கினால் ஒருவர் வண்டியிலேயே இருங்கள். தனியாகப் போனால், வண்டி கண்ணில் படுகிற இடத்தில் உட்காருங்கள். பெட்டியை ஒரு இரும்புக் கேபிளால் சீட்டின் சட்டத்தோடு கட்டிவிட்டால், கண்ணாடியை உடைப்பவனால் அதைச் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதற்காக இரவு முழுக்கக் காரில் விட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. சர்வீஸுக்கு விடும்போதும், சாவியை வேறொருவர் கையில் கொடுக்கும்போதும் டிக்கியை ஒருமுறை திறந்து பாருங்கள். வீடு வந்ததும் முதலில் உள்ளே போக வேண்டியது அந்தப் பெட்டி. மற்ற சாமான்களைக் குழந்தைகள் மெதுவாக இறக்கட்டும்.